சீன மக்கள் உண்மையில் அமெரிக்காவை எப்படிப் பார்க்கிறார்கள்? எதிரியாகவா?

2014 முதல் 2022 வரை தென் சீனாவின் ஷென்சென் நகரில் வேலை பார்த்தவன் நான். வெறுப்பா, மோகமா என்று கேட்டால் இரண்டும்தான். அதுவும் ஒரே ஆளிடம் இரண்டும் இருக்கும்.

என் பிரிவில் இருந்த மூத்த பொறியாளர் 1999இல் பெய்ஜிங்கில் கல்லூரி மாணவர். அந்த மே மாதம் யூகோஸ்லாவியா மீது நேட்டோ நடத்திய தாக்குதலில், பெல்கிரேடில் இருந்த சீனத் தூதரகத்தின் மீது அமெரிக்கக் குண்டுகள் விழுந்தன. மூன்று சீனப் பத்திரிகையாளர்கள் இறந்தார்கள். பழைய வரைபடத்தால் நேர்ந்த தவறு என்றது அமெரிக்கா. அன்றைய அமெரிக்க அதிபர் கிளிண்டன் மன்னிப்பும் கேட்டார். அந்த விளக்கத்தை நம்பிய ஒரு சீனரைக்கூட நான் இதுவரை பார்த்ததில்லை. அந்தப் பொறியாளர் ஊர்வலத்தோடு போய் அமெரிக்கத் தூதரகத்தின் மேல் கல்லெறிந்திருக்கிறார். மறு ஆண்டு மாணவர் விசாவுக்காக அதே தூதரகத்தில் வரிசையில் நின்றிருக்கிறார். "ரெண்டு தடவையும் மனசாரத்தான் போனேன்" என்றார். விசா கிடைக்கவில்லை. இதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த வருத்தம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இந்த இரட்டை மனதுக்கு வரலாறு இருக்கிறது. ஷி ஜின்பிங் படித்த ட்சிங்குவா பல்கலைக்கழகமே, பாக்ஸர் கிளர்ச்சி என்ற 1900ஆம் ஆண்டு வாக்கிலான அந்நியர் எதிர்ப்புக் கலகத்துக்காகச் சீனாவிடம் வசூலித்த இழப்பீட்டில் அமெரிக்கா திருப்பித் தந்த பணத்தில் 1911இல் தொடங்கியது. அமெரிக்காவுக்குப் போகும் மாணவர்களைத் தயார் செய்வதுதான் அன்று அதன் வேலை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானை எதிர்த்துச் சீனாவுக்காகப் பறந்த 'பறக்கும் புலிகள்' என்ற அமெரிக்க விமானிகளையும் மரியாதையோடு நினைவு வைத்திருக்கிறார்கள். ஆனால் பத்தே ஆண்டுகளுக்குள் கொரியாவில் இரு நாடுகளும் மோதின. மாவோவின் மகனே அங்கே விமானக் குண்டுவீச்சில் இறந்தார். அதைக் கொரியப் போர் என்று சீனாவில் பெரும்பாலும் சொல்வதில்லை. 'அமெரிக்காவை எதிர்த்து, கொரியாவுக்கு உதவிய போர்' என்பதுதான் பெயர்.

சரி, இப்போது என்ன மாறியிருக்கிறது? என் கண் முன்னால் மாறியது சீனக் கைபேசி, தொலைத்தொடர்பு நிறுவனமான ஹுவாவே விவகாரத்தில்தான். 2018 டிசம்பரில் நிறுவனரின் மகள் மெங் வான்சோவை, அமெரிக்கா கேட்டுக்கொண்டதால் கனடா கைது செய்தது. ஹுவாவேயின் தலைமையகம் ஷென்சென். அதனால் ஊரில் எல்லோரும் அதைத் தங்கள் வீட்டு விஷயமாகவே எடுத்துக்கொண்டார்கள். 2021 செப்டம்பரில் அவர் திரும்பி வந்த இரவு, உயர்ந்த கட்டடங்களில் எல்லாம் வரவேற்பு வாசகங்கள் விளக்குகளில் ஓடின. அதுவரை ஐபோன் தவிர எதையும் தொடாத என் சக ஊழியர்கள் சிலர் ஹுவாவேக்கு மாறினார்கள். மேலிடம் சொல்லி வந்த கோபம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஊடகம் அரசின் கையில் இருப்பது உண்மை, உறவு மோசமானால் செய்திகளின் தொனியும் ஏறும். ஆனால் 'நாம் வளர்ந்தால் அவர்களுக்குப் பொறுக்காது' என்ற எண்ணத்தைத் தேநீர் நேரத்தில் யாரும் தூண்டாமலே பேசினார்கள்.

அப்புறம் 2025 ஜனவரி. டிக்டாக் தடை வருமென்று அமெரிக்க இளைஞர்கள் கூட்டமாகச் சீனச் செயலியான சியாவ்ஹொங்ஷுவுக்கு வந்தார்கள். சீனர்கள் நுழைவு வரியாகக் கேட்டது அவர்கள் வீட்டுப் பூனையின் படம்! அடுத்து ஆம்புலன்ஸுக்கு எவ்வளவு, வாடகை எவ்வளவு என்று விசாரித்தார்கள். மருத்துவச் செலவு பற்றித் தங்கள் ஊடகம் சொன்னது மிகையில்லை என்று தெரிந்து பலர் திகைத்தே போனார்கள். அதில் பொறாமை இல்லை, பரிதாபமும் ஆச்சரியமும்தான் இருந்தன.

அந்தப் பொறியாளரின் மகளுக்கும் அப்போது ஓர் அமெரிக்கப் பெண் ஆங்கில வீட்டுப்பாடத்தில் உதவினாளாம். வீசாட் என்ற சீன அரட்டைச் செயலியில் அவர்தான் சொன்னார். "அப்படியென்றால் அமெரிக்காவில் படிக்கிறாயா?" என்று ஆசையோடு கேட்டிருக்கிறார். "படிக்க வேண்டாம்பா, ஒரு தடவை சுத்திப் பார்த்துட்டு வரலாம்" என்றாளாம்.