நிலத்தில் கல்வட்டம் இருந்தால் என்ன செய்வது?

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டத்தில், மலையடிவாரத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. அதன் மேட்டுப் பக்கத்தில் பெரிய உருண்டைக் கற்கள் வட்டம் வட்டமாகப் பாதி புதைந்து கிடக்கின்றன. ஐந்தாறு வட்டங்கள் தேறும். படங்களை இணைத்திருக்கிறேன். பாட்டி அந்த இடத்தைப் 'பாண்டவர் வீடு' என்பார். மாங்கன்று வைப்பதற்காக ஜேசிபி விட்டுச் சமன் செய்ய நினைக்கிறோம். அடியில் புதையல் இருக்கிறது என்கிறார் ஒருவர். அந்தக் காலத்தில் நட்சத்திரம் பார்க்கக் கட்டியது என்கிறார் இன்னொருவர். அரசுக்குத் தெரிந்தால் நிலமே போய்விடும் என்று அப்பா பயப்படுகிறார். இவை உண்மையில் என்ன? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: ஜேசிபிக்காரரை இப்போதைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

வட்டமாகக் கிடக்கும் கற்களெல்லாம் பழஞ்சின்னம் ஆகிவிடாது. ஆட்டுப்பட்டிக்கு அடுக்கிய கல், பழைய களத்தைச் சுற்றிப் போட்ட கல், உழவுக்கு இடைஞ்சல் என்று ஓரத்தில் உருட்டிவிட்ட கல் எல்லாமே தூரத்திலிருந்து பார்த்தால் வட்டமாகத்தான் தெரியும். ஆனால் உங்கள் படங்களில் மூன்று அடையாளங்கள் சேர்ந்து இருக்கின்றன. கற்கள் செதுக்கப்படாத பெரிய குண்டுக்கற்கள். ஒன்றையொன்று ஒட்டினாற்போல் மண்ணுக்குள் இறங்கி நிற்கின்றன. வட்டத்தின் உட்பகுதி சுற்றுத் தரையைவிடச் சற்று மேடாக, சிறு கற்கள் நிரம்பியிருக்கிறது. இவற்றைவிட முக்கியமானது இன்னொன்று. உங்கள் நான்காவது படத்தில், வட்டத்தின் நடுவே ஒரு சாண் உயரத்துக்குக் கல் விளிம்பு ஒன்று மண்ணைவிட்டு வெளியே தெரிகிறது, பாருங்கள். அது தானாக உடைந்து விழுந்த பாறைத் துண்டு அல்ல. நேராக நிறுத்திவைத்த பலகைக்கல்லின் மேல்முனை. அதன் கீழே ஓர் அறை இருக்கிறது.

இவை இரும்புக் காலத்து ஈமச் சின்னங்கள், அதாவது இறந்தவர்களுக்காக எழுப்பியவை. வெளியில் தெரிவது கல்வட்டம், உள்ளே நிரப்பியிருப்பது கற்குவை, அதற்கும் கீழே மண்ணுக்குள் இருக்கும் பலகைக்கல் அறை கற்பதுக்கை. சங்கப் பாட்டில் 'பதுக்கை' என்பது கற்குவியலைக் குறிக்கும்; இன்று அந்தச் சொல்லை அறைக்கு வழங்குகிறோம். பலகைக்கற்களால் ஆன அறை தரைக்கு மேலேயே நின்றால் அதைக் கல்திட்டை என்கிறோம். உங்கள் மாவட்டத்து மல்லச்சந்திரத்தில் அவை கூட்டமாக நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பாண்டவர் வீடு, குள்ளர் வீடு என்றெல்லாம் ஊருக்கு ஊர் பெயர் உண்டு. பாட்டி சொல்லும் பெயரையும் கதையையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஊரார் பெயர் வைத்துப் பேசும் இடங்களை விசாரித்துக்கொண்டு போயே தொல்லியலாளர்கள் பல ஈமக்காடுகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

பதுக்கையின் கட்டுமானத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஜேசிபி ஏன் கூடாது என்பது அதில்தான் விளங்கும். முதலில் குழி தோண்டி, தளத்துக்கு ஒரு பலகைக்கல்லைப் போட்டார்கள். பிறகு நான்கு பக்கமும் நான்கு பலகைகள். ஒவ்வொரு பலகையின் ஒரு முனை அடுத்த பலகையைத் தாண்டி நீண்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் ஸ்வஸ்திக வடிவம். சுற்றியுள்ள மண் உள்நோக்கித் தள்ளத் தள்ள, பலகைகள் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து பூட்டிக்கொள்ளும். சாந்து இல்லை, ஆணி இல்லை. மண்ணின் பாரம்தான் அறையை இறுக்கிப் பிடித்திருக்கிறது. ஒரு பலகையில், பெரும்பாலும் கிழக்குப் பக்கத்தில், வட்டமாக ஓர் இடுதுளை இருக்கும். அதை வெளியிலிருந்து இன்னொரு கல்லால் அடைத்திருப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலே பல டன் எடையுள்ள மூடுகல், அதன்மேல் கற்குவை, குவை சரிந்துவிடாமல் விளிம்பில் அணைகட்டியதுபோல் குண்டுக்கல் வட்டம். இப்போது இந்த மேட்டின்மேல் பொக்லைன் ஏறினால் என்ன ஆகும்? மூடுகல் இரண்டாகப் பிளந்து அறைக்குள் விழும். உள்ளே இருப்பது அத்தனையும் தூள்.

இவ்வளவு பெரிய பலகைகளை எப்படிப் பெயர்த்தார்கள் என்று கேட்பீர்கள். உங்கள் பக்கத்துக் கருங்கற்பாறைகள் இயல்பாகவே தகடு தகடாக உரியக்கூடியவை. பாறைமேல் நெருப்பு மூட்டி நன்றாகச் சூடேற்றி, நீரூற்றினால் தகடு விட்டுக்கொடுக்கும். அப்புறம் நெம்புகோலும் ஆள்பலமும் போதும். ஆள்பலம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு குடும்பத்தால் ஆகிற வேலை அல்ல இது. ஊர் கூடி இழுத்திருக்கிறது. யாருக்காக ஊர் கூடும்? தலைவனுக்கு, வீரனுக்கு, செல்வமும் செல்வாக்கும் உள்ள குடிக்கு. எல்லாருக்கும் இப்படிச் செய்யவில்லை. 'சுடுவோர் இடுவோர் தொடுகுழிப் படுப்போர், தாழ்வயின் அடைப்போர் தாழியிற் கவிப்போர்' என்று மணிமேகலை ஐந்து வகையை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. ஒரே காலத்தில் பல வழக்கங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கின்றன.

உள்ளே முழு எலும்புக்கூடு நீட்டிப் படுத்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலான பதுக்கைகளில் கிடைப்பது மண்டையோட்டுத் துண்டும் கைகால் எலும்புகள் சிலவும்தான். உடலை முதலில் வேறிடத்தில் கிடத்தி, பின்னர் எஞ்சிய எலும்புகளைப் பொறுக்கிக் கொண்டுவந்து இங்கே வைத்திருக்கிறார்கள். ஒரே அறையில் ஒருவருக்கு மேற்பட்டோரின் எலும்புகள் இருப்பதும் உண்டு. கூடவே கருப்பு-சிவப்பு மட்கலங்கள், இரும்பு வாள், அம்புமுனை, கத்தி, சில இடங்களில் குதிரைக் கடிவாளம், மணிகள்.

காலத்தைப் பொறுத்தவரை, 1947இல் கர்நாடகத்துப் பிரம்மகிரியில் அகழாய்வு செய்த மார்டிமர் வீலர், இவற்றை கி.மு. 200க்குப் பிறகானவை என்று மதிப்பிட்டார். அது மிகவும் பிந்திய காலம் என்று கரிமக் கணிப்புகள் வந்த பிறகு தெரிந்தது. இன்று பொதுவாக கி.மு. 1000க்கும் முன்பே தொடங்கி, கி.பி. முதல் சில நூற்றாண்டுகள் வரை நீடித்த வழக்கம் என்கிறோம். தொடக்கம் இன்னும் பின்னால் போய்க்கொண்டிருக்கிறது. பர்கூர் பக்கத்து மயிலாடும்பாறையில் கிடைத்த கரித்துண்டுகளை வைத்து அங்கே இரும்புப் பயன்பாடு கி.மு. 2172 அளவுக்குப் பழமையானது என்று 2022இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இதைக் கேட்டதும் 'எங்கள் வட்டமும் நாலாயிரம் ஆண்டு' என்று பலகை எழுதி வைத்துவிடாதீர்கள். இந்தக் கட்டுமுறை ஆயிரம் ஆண்டுக்கு மேல் பெரிதாக மாறாமல் இருந்திருக்கிறது. வெளித்தோற்றத்தை வைத்து உங்கள் வட்டத்தின் வயதை யாராலும் சொல்ல முடியாது.

இடுதுளைக் கல்லறைகள் கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் இடையிலுள்ள காக்கசஸ் பகுதியிலும் இருப்பதால், வெளியிலிருந்து வந்த கூட்டம் கொண்டுவந்த வழக்கம் என்று ஒரு காலத்தில் எழுதினார்கள். ஒரு துளையை வைத்துக்கொண்டு ஒரு கூட்டத்தையே கண்டம் தாண்டி நடக்கவைத்தது அந்தக் காலத்து ஆய்வுப் பழக்கம். ஆனால் மட்கலமும் இரும்பும் வாழ்விடமும் தென்னிந்தியாவுக்குள்ளேயே வளர்ந்த ஒரு தொடர்ச்சியைக் காட்டுகின்றன. நொய்யல் கரைக் கொடுமணலில் ஈமக்காடும் குடியிருப்பும் அடுத்தடுத்து இருக்கின்றன. குடியிருப்பில் மணி செய்தார்கள், இரும்பு உருக்கினார்கள், மட்கல ஓட்டில் தமிழி எழுத்தில், அதாவது தமிழின் பழைய எழுத்து வடிவத்தில், பெயர் கீறினார்கள். அவர்களே செத்தபோது கல்வட்டத்துக்குள் போனார்கள்.

நட்சத்திரக் கதையை அதிக நேரம் பேச வேண்டியதில்லை. இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சில் கோடைச் சூரியன் உதிக்கும் திசையோடு அமைப்பு பொருந்துவது உண்மை. அதைப் பார்த்துவிட்டு உலகத்து வட்டங்களையெல்லாம் பஞ்சாங்கம் ஆக்குகிறார்கள். அங்கே ஆளுயரத்தைத் தாண்டி நிமிர்ந்த தூண்கள். இங்கே கற்குவையின் கரை. இடுதுளை கிழக்கு நோக்கியிருப்பதில் சூரியனைப் பற்றிய நம்பிக்கை ஏதோ இருந்திருக்கலாம். நம்பிக்கை வேறு, வானாய்வுக் கூடம் வேறு.

இனிப் புதையல். ஆதிச்சநல்லூர் ஈமக்காட்டில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது தங்கத்தால் ஆன நெற்றிப்பட்டங்கள் கிடைத்தன. அதை மறைக்கவில்லை. ஆனால் அது விதிவிலக்கு. பதுக்கையைத் திருட்டுத்தனமாகத் தோண்டியவர்களுக்குக் கிடைப்பது வழக்கமாகத் துருப்பிடித்த இரும்பும் உடைந்த பானையும்தான். பழனிக்கு அருகே பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் அகழ்ந்த ஒரு கல்லறையைக் கேளுங்கள். அங்கே நான்கு கால் கொண்ட ஒரு சாடிக்குள் சுமார் 2 கிலோ நெல் இருந்தது. கூடவே தமிழி எழுத்துப் பொறித்த ஒரு பானைத்தாங்கி. அந்த நெல்லைப் பகுப்பாய்வுக்கு அனுப்பியதில் கி.மு. 490 என்று காலம் வந்தது. தமிழி எழுத்து அசோகருக்கு முந்தியது என்ற வாதத்துக்கு அதுவே பெரிய வலுவாயிற்று. தங்கம் தேடி இறங்கியவன் அந்தச் சாடியை என்ன செய்திருப்பான்? கவிழ்த்துக் கொட்டிவிட்டு அடுத்த குழிக்குப் போயிருப்பான். நெல்லும் எழுத்தும் ஒரே அறையில், கலையாத மண்ணில் இருந்ததால்தான் அவற்றுக்கு மதிப்பு. தனித்தனியாக எடுத்து வீட்டு அலமாரியில் வைத்திருந்தால் ஒன்றுக்கும் உதவாது. உங்கள் நிலத்தில் ஏற்கெனவே பானை ஓடு வெளியே கிடந்தாலும் கிடந்த இடத்திலேயே படம் எடுங்கள், பொறுக்காதீர்கள்.

அப்பாவின் பயத்துக்கு வருகிறேன். கல்வட்டம் இருப்பது தெரிந்த மாத்திரத்தில் பட்டா ரத்தாகிவிடாது. தமிழ்நாட்டில் உள்ள கல்வட்டங்களில் மிகப் பெரும்பாலானவை பாதுகாக்கப்பட்ட சின்னங்களாக அறிவிக்கப்படாதவை. அறிவிப்பதென்றாலும் அரசிதழில் முன்னறிவிக்கை வர வேண்டும், ஆட்சேபம் சொல்ல அவகாசம் தர வேண்டும். மத்தியச் சட்டத்தில் அது இரண்டு மாதம். '100 மீட்டருக்குள் கட்டடம் கட்டக் கூடாது' என்று பேசுகிறார்களே, அது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களுக்கான விதி. உங்கள் வட்டத்துக்கு இன்றைக்குப் பொருந்தாது. எதற்கும் சர்வே எண்ணைக் கொடுத்து, அந்த இடம் ஏற்கெனவே ஏதாவது பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வம்பு வருவது வேறு வழியில். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணில் புதைந்து, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு. 'என் நிலம், நான் தோண்டுகிறேன்' என்பது இங்கே செல்லாது. மாநில அரசே தொல்லியல் அகழாய்வு நடத்த மத்திய அரசின் முன் ஒப்புதல் பெற வேண்டியிருக்கிறது. ஆகவே 'இரவில் பூசை போட்டுத் தோண்டலாம்' என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். மாட்டிக்கொண்டால் பட்டாதாரர் நீங்கள்தான்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒவ்வொரு வட்டத்துக்கும் சுண்ணாம்புத் துண்டால் அல்ல, காகிதத்தில் எண் கொடுங்கள். கல்லில் எதையும் எழுதவோ பூசவோ வேண்டாம். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் நான்கு பக்கமும் படம் எடுங்கள். அளவு தெரிய ஒரு டேப்பையோ மண்வெட்டிக் காம்பையோ பக்கத்தில் வையுங்கள். வட்டத்தின் குறுக்களவைக் குறித்துக்கொள்ளுங்கள். கைபேசியில் அட்சரேகை, தீர்க்கரேகை எடுத்துவிடலாம். சர்வே எண், கிராமம், தாலுகா, ஊரார் சொல்லும் பெயர் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு, நகல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறைக்கு. கிருஷ்ணகிரியில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. நேரில் போய்ப் படங்களைக் காட்டினால் காப்பாட்சியர் வழிகாட்டுவார். மனு கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் பக்கத்து நிலத்துக்காரர் எதையாவது தோண்டிவிட்டு உங்கள்மேல் பழி போட்டால் அந்தச் சீட்டு பேசும்.

மாங்கன்று விஷயத்தில் நீங்கள் ஒன்றும் பெரிதாக இழக்கப்போவதில்லை. நீங்கள் அனுப்பிய படங்களின்படி வட்டங்கள் இருப்பது பாறை மிகுந்த மேட்டுப் பகுதி. அங்கே குழி எடுத்தாலும் கன்று பிடிப்பது சந்தேகம்தான். இந்தச் சின்னங்களைக் கட்டியவர்களும் விளைநிலத்தை விட்டுவிட்டு இப்படிப்பட்ட கரட்டு நிலத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொரு வட்டத்தின் விளிம்பிலிருந்தும் குறைந்தது ஐந்து மீட்டர் விட்டுவிடுங்கள். மா வேர் ஆழமாகவும் அகலமாகவும் போகும். பலகைகளின் இடுக்கில் நுழைந்தால் பூட்டு கழன்றுவிடும். சொட்டுநீர்க் குழாய்க்கு வாய்க்கால் வெட்டுவதும் அந்த எல்லைக்கு வெளியிலேயே இருக்கட்டும். கீழ்ப்பகுதியைத் தாராளமாக உழுது நடலாம். உழும்போது கருப்பும் சிவப்புமாகப் பளபளப்பான ஓடுகள் நிறைய வந்தால் நிறுத்திவிட்டுச் சொல்லி அனுப்புங்கள், அது குடியிருப்பு மேடாக இருக்கலாம்.

இன்னொன்று. அதிகாரிகள் வந்து பார்க்கும்வரை இந்தப் படங்களை இடத்தின் பெயரோடு முகநூலிலோ வாட்ஸ்அப்பிலோ போடாதீர்கள். புதையல் தேடுகிறவர்களும் அவற்றைப் பார்ப்பார்கள்.