மூளையா, மூச்சா? குழந்தைகளுக்கான மயக்க மருந்து: கேள்வி பதில்

டாக்டர், ஏழு மாதக் குழந்தைக்குக் குடலிறக்க ஆபரேஷன். மயக்க மருந்து கொடுத்தால் பின்னால் படிப்பு வராது என்கிறார்களே?

இந்தப் பயத்துக்கு விதை, 2003இல் வந்த எலி ஆய்வு. பிறந்து ஏழு நாளான எலிக்குட்டிகளுக்கு மூன்று மருந்துகளைச் சேர்த்து ஆறு மணி நேரம் கொடுத்தார்கள். மூளையில் நரம்பணுக்கள் மடிந்தன. எலிக்குட்டிக்கு ஆறு மணி நேரம் என்பது மனிதக் குழந்தைக்கு ஒரு மணி நேரம் போன்றதல்ல.

உங்கள் குழந்தைக்கு நெருக்கமாகப் பொருந்துவது 'காஸ்' ஆய்வு. ஏழு நாடுகளில் குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்த 722 கைக்குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் செவோஃப்ளுரேன் என்ற மயக்க வாயு, பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள். மறு பிரிவுக்கு, விழித்திருக்கும்போதே முதுகில் மரத்துப்போகும் ஊசி. ஐந்து வயதில் ஐ.க்யூ. சராசரி முறையே 98.97, 99.08. வித்தியாசமே இல்லை.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2016இல் எச்சரித்தது வேறு விஷயம்: மூன்று வயதுக்குள், மூன்று மணி நேரத்தைத் தாண்டியோ பலமுறையோ கொடுப்பதைப் பற்றி. 2018இல் வந்த 'மாஸ்க்' ஆய்விலும், பலமுறை மயக்கம் பெற்ற பிள்ளைகளின் ஐ.க்யூ. குறையவில்லை; கைவிரல் நுட்பமும், தகவலைப் புரிந்து செயல்படும் வேகமும் சற்றுக் குறைந்திருந்தன. அது மருந்தாலா, அத்தனை ஆபரேஷன் தேவைப்பட்ட நோயாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. குடலிறக்கத்தைத் தள்ளிப்போட்டுக் குடல் மாட்டிக்கொண்டால், அதுதான் நிஜமான ஆபத்து.

சளி இருக்கிறது. தேதியை மாற்ற வேண்டுமா?

மூக்கில் தண்ணீர் மட்டும் வடிகிறது, விளையாடுகிறான் என்றால் பெரும்பாலும் வேண்டாம். காய்ச்சல், கெட்டியான சளி, நெஞ்சில் விசில் சத்தம் இருந்தால் அவசரமில்லாத ஆபரேஷனைக் குறைந்தது இரண்டு வாரம் தள்ளுங்கள். மயக்கத்தில், சளி பிடித்த மூச்சுப்பாதையை லேசாகத் தொட்டாலே குரல்வளை இறுகிவிடும். நெஞ்சு உள்ளே இழுக்கும், சத்தமே வராது. குழந்தையின் உடல் கிலோவுக்குக் கிலோ பெரியவரைப் போல இரு மடங்கு ஆக்ஸிஜன் செலவழிப்பதால், ரத்தத்தில் அதன் அளவு சட்டென்று சரியும். அப்போது மாஸ்க்கை இறுக்கிப் பிடித்து அழுத்தத்தோடு ஆக்ஸிஜன் தரவும், தேவைப்பட்டால் தசை தளர்த்தும் ஊசி போடவும் கைகள் தயாராக இருக்க வேண்டும்.

டான்சில் ஆபரேஷனுக்கு முன், மூச்சுக்குழலை விரிக்கும் சால்பியூட்டமால் கொடுத்துப் பார்த்த 2019 ஆய்வில், மூச்சுச் சிக்கல்கள் சுமார் 48 சதவீதத்திலிருந்து 28 ஆகக் குறைந்தன. ஆஸ்துமா உள்ள பிள்ளையென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முதல் நாள் ராத்திரியிலிருந்தே பட்டினி போடச் சொல்கிறார்களே?

தேவையில்லாத கொடுமை. திட உணவுக்கு 6 மணி நேரம். தாய்ப்பாலுக்கு அமெரிக்க விதி 4, ஐரோப்பிய விதி (2022) 3. தண்ணீர் போன்ற தெளிந்த திரவத்துக்கு முன்னது 2, பின்னது 1. 'தெளிந்த திரவம்' என்றால் கண்ணாடி டம்ளருக்குப் பின்னால் வைத்த எழுத்தைப் படிக்க முடிய வேண்டும்; பால் சேர்ந்தது எதுவும் அதில் சேராது. வறண்டுபோன குழந்தைக்கு ஊசி போட ரத்த நரம்பு கிடைக்காது, சர்க்கரையும் இறங்கும்.

பல் சிகிச்சைக்கு மருந்து கொடுத்துத் தூங்கவைப்பார்களாம். 'வெறும் செடேஷன்தான்' என்கிறார்கள். குழந்தையின் எடை 15 கிலோ.

அந்த 'வெறும்' என்ற சொல்தான் என்னைப் பயமுறுத்துகிறது. செடேஷன் ஒரு சரிவு; லேசான மயக்கத்துக்கும் ஆழ்ந்த மயக்கத்துக்கும் நடுவில் சுவர் கிடையாது. 2000இல் வெளியான ஓர் அமெரிக்கத் தொகுப்பு, செடேஷனில் நேர்ந்த 95 விபரீதங்களை அலசியது. அதில் 51 குழந்தைகள் இறந்தார்கள். திரும்பத் திரும்ப வந்த காரணங்கள்: அளவு மீறியது, பல மருந்துகளைக் கலந்தது, கண்காணிப்புப் போதாதது. வீட்டிலிருந்தே மருந்து கொடுத்து அழைத்து வரப்பட்டவர்களும், விழிக்குமுன் அனுப்பப்பட்டவர்களும் உண்டு.

பல்லைப் பார்ப்பவரைத் தவிர, மூச்சை மட்டும் பார்க்க ஓர் ஆள் உண்டா என்று கேளுங்கள். வெளிவிடும் மூச்சில் கார்பன் டை ஆக்ஸைடை அளக்கும் கேப்னோகிராஃப் கருவி உண்டா என்றும் கேளுங்கள். மூச்சு நின்ற கணமே அதில் கோடு தட்டையாகிவிடும். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரோ, ஆக்ஸிஜன் ஓடிக்கொண்டிருந்தால் நெடுநேரம் நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும்.

ஈறில் போடும் மரத்துப்போகும் ஊசியான லிக்னோகெய்னும் கணக்கில் வர வேண்டும். குழந்தைப் பல் மருத்துவத்தில் உச்சவரம்பு கிலோவுக்கு 4.4 மி.கி.; 15 கிலோவுக்கு 66 மி.கி. இரண்டு சதவீத மருந்துள்ள 1.8 மி.லி. கார்ட்ரிட்ஜ் ஒன்றில் 36 மி.கி. இருக்கிறது. ஆக, இரண்டு முழுக் கார்ட்ரிட்ஜே எல்லை தாண்டிவிடும். வலிப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் இப்படித்தான் வருகின்றன.

வீட்டுக்குப் போகும்போது பின்சீட்டில் குழந்தை பக்கத்தில் ஒருவர் உட்காருங்கள். தூக்கத்தில் தலை தொங்கி முகவாய் நெஞ்சில் இடித்தால் மூச்சுப்பாதை மடங்கிவிடும்.

இரண்டு மாதக் குழந்தைக்கு எம்.ஆர்.ஐ. மயக்கம் வேண்டுமா?

பல நேரம் வேண்டாம். வயிறு நிறையப் பால் கொடுத்து, துணியில் இறுக்கச் சுற்றி, காதுக்கு மூடி போட்டால் தூங்கிவிடும். இதற்குப் பட்டினி கூடாது என்பதால் எந்த வழி என்பதை முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். குறைமாதப் பிள்ளையென்றால் அதையும் சொல்லுங்கள்: கருவாரத்தையும் பிறந்தபின் வந்த வாரத்தையும் கூட்டி 60 ஆகாதவரை, மயக்கத்துக்குப் பிறகு மூச்சு விட்டுவிட்டு நிற்கலாம். ஓர் இரவு மானிட்டரில் வைக்க வேண்டிவரும்.

டான்சில் எடுத்தபின் வலிக்கு வீட்டிலிருக்கும் கோடீன் சிரப் தரலாமா?

கூடாது. சிலரின் கல்லீரல் கோடீனை மிக வேகமாக மார்ஃபினாக மாற்றிவிடும். இப்படிக் குழந்தைகள் இறந்ததால்தான் 2013இல் எஃப்.டி.ஏ. தடுத்தது. பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. மருத்துவர் சம்மதித்தால் இடையில் ஐபுப்ரோஃபென். குறட்டைக்காக டான்சில் எடுத்த பிள்ளையை முதல் இரவு தனியே படுக்கவைக்காதீர்கள்.