அழிய மறுக்கும் ஃபைலைப் பிடித்திருப்பது யார்?

கேள்வி: தம்பியின் கல்யாண வீடியோவை வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்துவிட்டு, லேப்டாப்பில் இருப்பதை அழிக்கப் பார்க்கிறேன். ‘வேறொரு புரோகிராமில் திறந்திருக்கிறது’ என்று விண்டோஸ் மறுக்கிறது. எல்லாவற்றையும் மூடி, ரீஸ்டார்ட் செய்தும் அப்படியேதான் இருக்கிறது. நண்பர், பூட்டிய ஃபைலை விடுவிக்கும் ‘அன்லாக்கர்’ என்று ஏதோ ஒரு புரோகிராமை இறக்கிப் போடச் சொல்கிறார். போடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். இலவச அன்லாக்கர்கள் பலவற்றோடு விளம்பர மென்பொருளும் சேர்ந்து வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த வேலையைச் செய்யும் வசதி உங்கள் விண்டோஸிலேயே இருக்கிறது.

முதலில் காப்பியைச் சரிபாருங்கள். ஹார்ட் டிஸ்க்கில் உள்ள வீடியோவை ஆரம்பம், நடு, கடைசி என மூன்று இடங்களில் ஓட்டிப் பாருங்கள். இரண்டு ஃபைல்களின் அளவும் பைட் கணக்கில் ஒன்றாக இருக்க வேண்டும். கல்யாண வீடியோவை மறுபடி எடுக்க முடியாது.

விண்டோஸில் ஒரு புரோகிராம் ஃபைலைத் திறக்கும்போதே, மற்றவர்கள் அதைப் படிக்கலாமா, எழுதலாமா, அழிக்கலாமா என்பதையும் சொல்லிவிடும். ‘அழிக்கலாம்’ என்ற அனுமதியைப் பல புரோகிராம்கள் தருவதில்லை. அப்படிப்பட்ட புரோகிராம் ஃபைலைக் கைவிடும்வரை விண்டோஸும் அழிக்க விடாது. லினக்ஸில் இந்தச் சிக்கல் கிடையாது. ஃபைல் திறந்திருந்தாலும் அதன் பெயர் உடனே நீங்கிவிடும். பயன்படுத்தும் புரோகிராம் மூடியதும் இடமும் காலியாகும்.

ஆகவே, பிடித்திருப்பது யார் என்று கண்டுபிடிப்பதுதான் உண்மையான வேலை. ஸ்டார்ட் மெனுவில் ‘ரிசோர்ஸ் மானிட்டர்’ என்று தேடித் திறந்து, ‘சிபியு’ பக்கத்துக்குப் போங்கள். அங்கே ‘அசோசியேட்டட் ஹேண்டில்ஸ்’ பகுதியில் உள்ள தேடும் பெட்டியில் ஃபைல் பெயரின் ஒரு பகுதியைத் தட்டினால் போதும், பிடித்திருக்கும் புரோகிராமின் பெயர் வரும். மைக்ரோசாஃப்டின் இலவச ‘பவர்டாய்ஸ்’ போட்டிருந்தால் இன்னும் சுலபம்: ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து ‘ஃபைல் லாக்ஸ்மித்’ கேட்டால் அதுவே சொல்லிவிடும்.

ரீஸ்டார்ட் செய்த பிறகும் பிடித்திருக்கிறது என்றால், கம்ப்யூட்டரோடு சேர்ந்தே எழுந்திருக்கும் புரோகிராம் என்று அர்த்தம். வீடியோ விஷயத்தில் என் முதல் சந்தேகம், ஃபோல்டர்களைத் திறந்து காட்டும் எக்ஸ்ப்ளோரர் மீதுதான். சின்னப் படமும் முன்னோட்டமும் காட்டுவதற்காக அதுவே ஃபைலைத் திறந்து வைத்திருக்கும். ஆல்ட்டும் பி-யும் சேர்த்து அழுத்தி முன்னோட்டப் பலகையை மூடுங்கள். பிறகு டாஸ்க் மேனேஜரில் ‘விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்’ மேல் ரைட் கிளிக் செய்து ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். பலருக்கு இதோடு தீர்ந்துவிடும்.

அடுத்த சந்தேகம், மைக்ரோசாஃப்டின் ஆன்லைன் சேமிப்பிடமான ஒன்டிரைவ். டெஸ்க்டாப்பில் வைத்த ஃபைல் உங்களுக்குத் தெரியாமலே அங்கே ஏறிக்கொண்டிருக்கலாம். சிங்க்கை (லேப்டாப்பையும் ஆன்லைனையும் ஒன்றுபோல் வைக்கும் வேலையை) நிறுத்திவிட்டு அழிக்கலாம். ஆனால் சிங்க் மறுபடி தொடங்கியதும் ஆன்லைன் பிரதியும் போய்விடும். அதையே காப்பி என்று நம்பியிருந்தால் ஜாக்கிரதை.

பெயர் வரவேண்டிய இடத்தில் ‘சிஸ்டம்’ என்று வந்தால் அதை நிறுத்த முயலாதீர்கள். ஃபோல்டரை வீட்டு நெட்வொர்க்கில் ஷேர் செய்திருந்து, டிவியோ இன்னொரு லேப்டாப்போ வீடியோவைத் திறந்து வைத்திருந்தாலும் அப்படித்தான் காட்டும். அங்கே மூடினால் இங்கே விடுபடும்.

எதற்கும் மசியவில்லையா? ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்து, ‘ட்ரபிள்ஷூட்’, ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’, ‘ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்’ வழியாகப் போய் 4-ஐ அழுத்தினால் சேஃப் மோட். அங்கே தானாகத் தொடங்கும் புரோகிராம்கள் ஓடாது என்பதால் ஃபைல் பெரும்பாலும் அழிந்துவிடும். பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டு போட்ட லேப்டாப் என்றால், அதைத் திறக்கும் ரெகவரி கீயைக் கேட்கலாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

செய்தி வேறாக இருந்தால் வைத்தியமும் வேறு. ‘இந்த ஃபைலைக் காணவில்லை’ என்றால், பெரும்பாலும் பெயரின் கடைசியில் ஒரு இடைவெளியோ புள்ளியோ ஒட்டியிருக்கும். ஃபைல்களைச் சுருக்கும் இலவச புரோகிராமான செவன்-ஜிப்பின் ஃபைல் மேனேஜரில் ஷிஃப்ட்-டெலீட் அடித்துப் பாருங்கள். பாதை (ஃபோல்டர் பெயர்களும் ஃபைல் பெயரும் சேர்ந்த முழு முகவரி) 260 எழுத்தைத் தாண்டினால், மேலே உள்ள ஃபோல்டர்களின் பெயரைச் சுருக்குங்கள். ‘டிரஸ்டட்இன்ஸ்டாலர்’ அனுமதி கேட்டால் மட்டும் கையை எடுத்துவிடுங்கள். அது விண்டோஸின் சொந்த ஃபைல்.