எடை இருக்கிறது, தரைக்குப் போய்விடுகிறது

கேள்வி: ஒரு வருடத்துக்கும் மேலாக, தரையில் கட்டிப்புரண்டு எதிராளியை மடக்கும் கலையான பிரேசிலியன் ஜியு-ஜிட்சு கற்றுக்கொண்டு வருகிறேன். என் எடை 60 கிலோ. சிரமப்பட்டு கார்டை (கீழே இருப்பவர் காலால் போடும் தடுப்பு) தாண்டி சைட் கன்ட்ரோலுக்கு (பக்கவாட்டிலிருந்து அவர் மார்பின்மேல் குறுக்கே படுத்து அமுக்கும் நிலை) வந்தாலும், கீழே இருப்பவர் சாவகாசமாகத் திரும்பி எழுந்துவிடுகிறார். ஆனால் என்னைவிட மெலிந்த ஒரு பெண் என்மேல் படுத்தால் மூச்சுவிட முடியவில்லை. ஒருமுறை பிடி எதுவும் போடாமலேயே, வெறும் அழுத்தத்துக்கு டேப் கொடுத்தேன் (கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டேன்). நான் எடை கூட்ட வேண்டுமா? புதிதாக வருகிறவர்களை அப்படி அழுத்துவது நியாயமா என்றும் சொல்லுங்கள்.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: எடை கூட்டும் யோசனையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். உங்களைத் திணறடிக்கும் அந்தப் பெண்ணே முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டார். அவருக்கு எடை குறைவு, ஆனால் இருப்பதில் பெரும்பகுதி உங்கள்மேல் வந்து இறங்குகிறது. உங்கள் எடையில் நல்ல பங்கு தரைக்குப் போகிறது என்பது என் ஊகம்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். அடுத்த முறை சைட் கன்ட்ரோலில் ஒரு கணம் நின்று, உங்கள் உடம்பில் தரையைத் தொடுபவை எவை என்று கவனியுங்கள். இரண்டு முழங்கால், இரண்டு முழங்கை, சில சமயம் ஒரு உள்ளங்கை. ஒவ்வொன்றும் உங்களைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அது தாங்கும் அளவுக்கு எதிராளிக்குச் சுமை குறைகிறது. இதில் பெரிய ஓட்டை முழங்கால்தான். உடம்பின் எடை மையம் இடுப்பை ஒட்டி இருக்கிறது. மடித்த முழங்கால் கிட்டத்தட்ட அதற்கு நேர் கீழே ஊன்றி நிற்கிறது. முழங்காலைத் தரையிலிருந்து எடுத்து, காலைப் பின்னுக்கு நீட்டி, கால்விரலை ஊன்றுங்கள். தாங்கும் இடம் எவ்வளவு பின்னால் போகிறதோ, அவ்வளவு சுமை மார்பு வழியாக எதிராளிக்கு மாறும். ஊன்றிய விரல் முன்னோக்கித் தள்ளவும் செய்யும். இடுப்பைத் தூக்கி மேடு போல வைக்காமல் தாழ்த்தி வைத்தால்தான் இது வேலை செய்யும்.

முழங்காலை அவர் இடுப்போடு ஒட்டி வைத்து, அவர் காலை உள்ளே நுழைக்க விடாமல் தடுக்க வேண்டிய நேரமும் உண்டு. அப்போது அது ஒரு ஆப்பாக இருக்கட்டும். அதன்மேல் உட்கார்ந்துவிடாதீர்கள்.

பயிற்சிக்கு ஒரு வழி சொல்கிறேன். ஒரு தோழியைக் கீழே படுக்கச் சொல்லி, நீங்கள் மேலே இருக்கும்போது கனத்துக்கு ஒன்று முதல் பத்து வரை மார்க் போடச் சொல்லுங்கள். நீங்கள் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள்: முழங்காலை எடுப்பது, இடுப்பை அரை சாண் நகர்த்துவது, தலையைத் தாழ்த்துவது. எந்த மாற்றத்துக்கு எண் தாவுகிறது என்பதைக் கீழே கிடப்பவர்தான் சொல்ல முடியும். மேலே இருப்பவருக்கு உறைக்காது. கனமாக அழுத்துவதாக நினைத்துக்கொண்டு வெறுமனே சிரமப்படுகிறவர்கள் ஏராளம்.

அடுத்தது திசை. அழுத்தம் என்றதும் நேர் கீழே அமுக்குவதையே எல்லோரும் நினைக்கிறார்கள். வயிற்றின் நடுவிலிருந்து அவர் தலைப் பக்கம் சாய்வாகத் தள்ளுவதுதான் எதிராளியை முடக்கும். கிராஸ்ஃபேஸ் இருப்பதே அதற்காகத்தான். கையைக் கழுத்துக்கு அடியில் விட்டு, தோள் முனையைத் தாடையில் பதித்து, முகத்தை உங்களுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். முகம் அந்தப் பக்கம் திரும்பியபின் அவரால் உங்களை நோக்கித் திரும்ப முடியாது. திரும்பாமல் இடுப்பை நகர்த்தி இடைவெளி உண்டாக்குவது கடினம். இன்னொரு கணக்கும் இதில் இருக்கிறது. மார்பு அகலமானது, அதன் வழியே போகும் எடை பரவிவிடுகிறது. அதே எடையைத் தோள் முனையளவு இடத்தில் குவித்தால் தாங்குவது கஷ்டம். அந்தப் பெண் உங்களுக்குச் செய்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

இனி நீங்கள் எழுதாத, ஆனால் கண்டிப்பாகச் செய்துகொண்டிருக்கும் ஒன்று: விறைப்பு. மேலே வந்த பதற்றத்தில் கையை முறுக்கி இறுக்கிப் பிடிக்கிறோம், மூச்சை அடக்குகிறோம். விறைத்த உடம்பு தன்னையே தாங்கிக்கொள்ளும். மரக்கட்டையை ஒரு முனையில் பிடித்துப் புரட்டிவிடலாம், ஈர மணல் மூட்டையைப் புரட்ட முடியாது. நீங்கள் மூட்டையாக மாற வேண்டும். கைகளை இடைவெளி விழாமல் கோத்துக்கொண்டால் போதும், நசுக்க வேண்டியதில்லை. மூச்சை விட்டுத் தளருங்கள். கீழே இருப்பவர் மூச்சை வெளியே விடும்போது அவர் விலாக்கூடு இறங்கும். அதோடு சேர்ந்து நீங்களும் இறங்குங்கள். அடுத்த மூச்சை முழுதாக இழுக்க அவருக்கு இடம் குறையும். அழுத்தத்துக்கு டேப் வருவது இப்படித்தான்.

ஆனால் எடையை இறக்குவதற்கு முன் இடத்தைப் பிடிக்க வேண்டும். அவருடைய முன்கை உங்கள் கழுத்திலும் இடுப்பிலும் ஃபிரேமாக, அதாவது முட்டுக்கட்டையாக, நிற்கும்போது அதன்மேலேயே அமுக்கினால், உங்கள் எடையைத் தாங்குவது அவர் எலும்பு. அவர் களைக்க மாட்டார், நீங்கள்தான் களைப்பீர்கள். தலைப் பக்கமாகவோ கால் பக்கமாகவோ நகர்ந்து கோணத்தை மாற்றி, ஃபிரேமை வளைத்து வெளியேற்றிவிட்டுப் பிறகு படியுங்கள். அதேபோல் மொத்த எடையையும் அவரைத் தாண்டி அந்தப் பக்கம் கவிழ்த்துவிட்டால், இடுப்பைத் தூக்கி ஒரு பிரிட்ஜ் போட்டதும் உருண்டுவிடுவீர்கள். அவர் பிரிட்ஜ் போடும்போது எதிர்த்து அமுக்காமல் காலை அகட்டிச் சமாளியுங்கள். தூக்கிய இடுப்பு திரும்ப இறங்கும் நொடியில் படியுங்கள். மவுண்டுக்கு (இரு பக்கமும் காலைப் போட்டு அவர்மேல் அமரும் நிலை) காலை வீசவும் அதுவே நல்ல சமயம்.

இவ்வளவும் எதற்கு? ஜூடோவில் ஒருவரை 20 விநாடி மல்லாக்க அமுக்கிப் பிடித்தால் ஆட்டமே முடிந்துவிடும். இங்கே அப்படி இல்லை. சர்வதேச பிரேசிலியன் ஜியு-ஜிட்சு கூட்டமைப்பின் விதிப்படி கார்டைத் தாண்டி 3 விநாடி நிலைத்தால் 3 புள்ளி. அதன்பின் சைட் கன்ட்ரோலில் எத்தனை நிமிடம் படுத்திருந்தாலும் கூடுதலாக ஒன்றும் கிடையாது. முழங்காலை வயிற்றில் ஏற்றினால் 2, மவுண்டுக்கு 4. ஆகவே அழுத்தத்தின் வேலை அவரை நசுக்கி வைப்பதல்ல, அசைய வைப்பது. தாங்க முடியாமல் கையை நீட்டித் தள்ளினால் அந்தக் கை உங்களுக்கு. முதுகைக் காட்டித் திரும்பினால் முதுகு உங்களுக்கு. ரோஜர் கிரேசி 10 உலகப் பட்டங்கள் வென்றவர். மவுண்டில் நிதானமாக ஏறி அமர்ந்து, ஆரம்பப் பாடமான காலர் சோக்கை (உடுப்பின் காலரைப் பிடித்துக் கழுத்தை இறுக்குவது) உலகத்தரமான ஆட்கள்மேல் போட்டு முடித்தார். சோக் வருவது எதிராளிக்கும் தெரியும். ஆனால் எடையைச் சமாளிப்பதா, கழுத்தைக் காப்பதா என்று ஒரே சமயத்தில் இரண்டு வேலை. ரோஜர் ஆஜானுபாகுவான மனிதர், உண்மைதான். என்றாலும் அவரோடு மோதியவர்களும் பெரிய ஆட்கள்தான்.

முழங்காலை வயிற்றில் வைக்கும் நிலை லேசான உடம்புக்குப் பெரிய வரம். முழங்காலை ஏற்றி, ஒரு கையால் அவர் காலரையும் மறு கையால் பேண்டின் முழங்கால் பகுதியையும் பிடித்து மேலே இழுங்கள். அவரை எவ்வளவு இழுக்கிறீர்களோ, அவ்வளவு விசை உங்கள் முழங்கால் வழியாகத் திரும்ப அவருக்குள் இறங்கும். உங்கள் எடையைத் தாண்டிய அழுத்தம் அது.

எடையைக் கூட்டினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடுவோம். இந்தக் கூட்டமைப்பின் போட்டிகளில் கி (போட்டிக்கான தடித்த உடுப்பு) அணிந்துதான் எடை பார்க்கிறார்கள். பெண்களுக்கான லைட் பிரிவின் வரம்பு 64 கிலோ; கியோடு சேர்த்தும் நீங்கள் அதில் அடங்கலாம். 5 கிலோ ஏற்றினால் 69 கிலோ வரையான மிடில் பிரிவில் நிற்பீர்கள். அங்கே எதிரே வருகிறவரும் அதே எடைதான். தசை வலுவுக்காக ஏற்றுவது வேறு விஷயம், இந்தக் குறைக்கு அது மருந்தல்ல.

நியாயம் பற்றிக் கேட்டீர்கள். முதல் சில வாரங்களில் இருப்பவரிடம் முழு அழுத்தம் வேண்டாம். மூச்சு அடைத்த பதற்றத்தில் தாறுமாறாகத் துள்ளுவார். அடிபடுவது அவராகவும் இருக்கலாம், நீங்களாகவும் இருக்கலாம். அழுத்தத்துக்கும் டேப் கொடுக்கலாம், அதில் வெட்கமில்லை என்று தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். எடையைப் படிப்படியாக இறக்குங்கள், தொப்பென்று விழாதீர்கள். விலா எலும்பை மார்பெலும்போடு சேர்க்கும் குருத்தெலும்பு அடிபட்டால் ஆற வாரக்கணக்கில் ஆகும், இருமினாலும் வலிக்கும். முழங்காலை வயிற்றில் வையுங்கள், விலா முனையில் வேண்டாம். கழுத்தை மடித்து அமுக்கும் ஸ்டாக் பாஸைப் புதியவர்களிடம் தவிருங்கள். உங்களுக்குச் சமமான, அனுபவமுள்ள தோழியிடம் முழுதாக அழுத்துங்கள். உங்களைத் திணறடித்த அந்தப் பெண்ணிடமே போய், பத்து மார்க் சோதனைக்குக் கீழே படுக்க முடியுமா என்று கேளுங்கள்.