பூத்த ஆப்பிள் மரமும் பின்னால் வரும் குளிரும்

கேள்வி: மூன்று வாரமாகக் காலந்தவறிய வெயில். ஆப்பிள் மரங்கள் முன்கூட்டியே பூத்துவிட்டன. பாதி விரிந்த பூ, பாதி இளஞ்சிவப்பு மொட்டு. நாளை மாலை இடிமழை, ஆலங்கட்டி, அதன் பின் குளிர்காற்று என்கிறார்கள். வெப்பநிலை −3 டிகிரிவரை இறங்குமாம். மரத்துக்கு மேல் தெளிப்பான் (ஸ்பிரிங்க்லர்) இருக்கிறது. மழை இரவிலேயே ஓட்டிவிடலாமா? யூரியா கொடுத்து மரத்தைத் தேற்றலாமா?

பதில்: மழை இரவில் ஓட்டவேண்டாம். மேகமும் காற்றும் இருக்கும்வரை உறைபனி பெரும்பாலும் இறங்காது. பயப்பட வேண்டியது அடுத்த இரவுக்கு: வானம் வெளுத்து, காற்று அடங்கி, காற்றில் ஈரப்பதமும் குறைந்திருக்கும்.

விரிந்த பூவும் இளஞ்சிவப்பு மொட்டும் −2.2 டிகிரியில் அரைமணி நேரம் இருந்தால் பத்தில் ஒன்று கருகும், −3.9 டிகிரியில் பத்தில் ஒன்பது போய்விடும். குளிர்காற்று கனமானது, பள்ளத்தில் வந்து தேங்கும். அதனால் வெப்பமானியைத் தோட்டத்தின் தாழ்வான மூலையில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் கட்டுங்கள். அந்தப் பக்கம் வேலி அடர்த்தியாக இருந்தால் குளிர் வெளியேற இடைவெளி விடுங்கள். புல்லை ஒட்ட வெட்டி, மண்மேல் பரப்பிய மூடாக்கை (சருகு, வைக்கோல்) விலக்குங்கள். மழையில் நனைந்த வெற்று மண் பகலில் வாங்கிய சூட்டை இரவில் மரத்துக்குத் தரும். மழை பெய்துவிட்டால் தனியே பாசனம் தேவையில்லை.

தெளிப்பானைப் பொறுத்தவரை, வேலையில் இறங்கும் முன் தண்ணீரைக் கணக்குப் போடுங்கள். மணிக்கு 3 மி.மீ. மழை அளவுக்குத் தெளித்தால் ஏக்கருக்குச் சுமார் 12,000 லிட்டர். எட்டு மணி நேரத்துக்கு ஒரு லட்சத்தை நெருங்கும். நடுராத்திரியில் தொட்டி வற்றினால், ஓட்டாமலே விட்டதைவிட நஷ்டம் அதிகம். தண்ணீர் உறையும்போது கிராமுக்கு 80 கலோரி வெப்பம் விடும், அதுதான் பூவைக் காக்கிறது. ஆவியாகும்போதோ அதைப்போல ஏழு மடங்குக்கு மேல் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். உறைவது நின்றால் ஆவியாதல் பூவை இன்னும் குளிர வைத்துவிடும். மணிக்கு 8 கி.மீ.க்கு மேல் காற்றடித்தாலும் இதே கதிதான்.

வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றிப் பாருங்கள். அது 0 டிகிரியை எட்டும் முன்பே தெளிப்பான் ஓடவேண்டும். உலர்ந்த காற்றில் வெறும் வெப்பமானி 3, 4 டிகிரி காட்டும்போதே ஈரக்குமிழ் 0-ஐத் தொட்டுவிடும். பலர் தாமதிப்பது இங்கேதான். கிளையில் பனிக்கட்டி கண்ணாடிபோல் தெளிவாக இருந்தால் தண்ணீர் போதுமானது. பால்போல் வெளுத்திருந்தால் போதவில்லை. விடிந்ததும் நிறுத்திவிடாதீர்கள்; ஈரக்குமிழ் 0-க்கு மேல் ஏறி, பனி தானாக இளகி உதிரும்வரை ஓடட்டும். வலுவில்லாத கிளைகளுக்கு முன்கூட்டியே முட்டுக் கொடுங்கள், பனியின் பாரம் முறித்துவிடும்.

ஈரச் சருகை எரித்துப் புகை போடும் வேலை வீண். தரையிலிருந்து வெளியேறும் வெப்பத்தைப் புகை தடுக்காது.

ஆலங்கட்டி விழுந்தால் கிழிந்த கிளைகளை, இலை காய்ந்த பிறகு, நல்ல மரம்வரை வெட்டிவிடுங்கள். பூ விரிந்திருக்கும்போது செம்பு மருந்து வேண்டாம், பிஞ்சின் தோல் சொரசொரத்துப் போகும். 16 முதல் 24 டிகிரிக்குள் இலை 6–9 மணி நேரம் ஈரமாகவே இருந்தால் சொறிநோய் தொற்றும். மழை ஓய்ந்ததும் அதற்குரிய பூஞ்சணக்கொல்லியைத் தேனீ பறக்காத மாலையில் தெளியுங்கள்.

யூரியா இப்போது வேண்டாம். தழைச்சத்து இளந்தளிரைத்தான் கிளப்பும், அந்தத் தளிர் குளிருக்கு முதல் பலி.

உறைபனிக்கு மறுநாள் மதியம், மேல், நடு, கீழ்க் கிளைகளிலிருந்து 100 பூக்களைப் பறித்து நெடுக்காகப் பிளந்து பாருங்கள். நடுவில் சூலகம் பச்சையாக இருந்தால் உயிர் உண்டு; பழுப்போ கறுப்போ என்றால் இதழ் அழகாக இருந்தாலும் காய்க்காது. கொத்தின் நடுப்பூ முதலில் விரிவதால் அது கருகியிருக்கலாம், பக்கப் பூக்களையும் எண்ணுங்கள். நிறையப் பூத்த மரத்தில் நூற்றுக்குப் பத்துப் பூ காயானாலே முழு விளைச்சல். எத்தனை பிஞ்சு நின்றது என்று தெரியும்வரை காய் கழிப்பையும் (மிகுதிப் பிஞ்சைக் கிள்ளுவது) உரத்தையும் தள்ளிப்போடுங்கள்.