சூளைக்குப் புறப்படும் முன் பிள்ளைகளின் படிப்புக்கு என்ன செய்ய வேண்டும்?

செங்கம் வட்டத்துச் சிற்றூரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மழை பொய்த்து மணிலா (நிலக்கடலை) கருகிவிட்டது, கிணறும் வற்றிவிட்டது. பொங்கல் கழிந்ததும் கணவருடன் திருவள்ளூர்ப் பக்கம் செங்கல் சூளைக்குப் போகிறார். மகள் 7-ஆம் வகுப்பு, மகன் 3-ஆம் வகுப்பு. ஆண்டின் நடுவில் மாற்றுச் சான்றிதழ் தர முடியாது, ஆண்டுத் தேர்வுக்கு வந்தால் போதும் என்கிறாராம் தலைமையாசிரியர். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள், அங்கேயே பள்ளி இருக்கிறது என்கிறாராம் சூளைக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி.

அம்மா, முடிந்தால் பிள்ளைகளை ஊரிலேயே பாட்டியிடம் விட்டுச் செல்லுங்கள். மகனுக்குப் பள்ளியில் காலை உணவும் மதிய உணவும் உண்டு. மகளுக்கு மதிய உணவு உண்டு. ஆனால் நீங்கள் இல்லாத வீட்டில் தண்ணீர்க் குடம் மகளின் இடுப்புக்கு வந்துவிடும். பள்ளி மணி அடிக்கும் நேரத்தில் தண்ணீர் லாரி வந்தால் அவளுக்கு முதல் பாடவேளை போய்விடும். லாரியை மாலையில் அனுப்பக் கோரி, ஊர்ப் பெண்களுடன் சேர்ந்து வட்டார வளர்ச்சி அலுவலரிடம் இப்போதே மனுக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

அழைத்துச் செல்வதைத் தவிர வழியில்லை என்றால், சான்றிதழை நீங்கள் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 5-ன்படி, தலைமையாசிரியர் அதை உடனே தர வேண்டும். தாமதித்தால் அவர்மீது ஒழுங்கு நடவடிக்கைக்கு இடமுண்டு. சான்றிதழ் வரவில்லை என்று காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவும் கூடாது. இருவரின் எமிஸ் எண்ணையும் (பள்ளிக் கல்வித் துறைப் பதிவில் உள்ள மாணவர் அடையாள எண்) குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ‘தேர்வுக்கு வந்தால் போதும்’ என்பதை உதவி என்று நம்பாதீர்கள்: பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கும், பிள்ளை சூளையில் பச்சைக் கல்லை (சுடாத செங்கல்லை) புரட்டிக்கொண்டிருக்கும். இடைநிற்றல் கணக்கு அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பிள்ளைகளின் படிப்பைப் பலிகொடுக்கும் இந்த வழக்கத்தை இத்தனை ஆண்டுகளாகியும் ஒழிக்க முடியவில்லை என்பது எனக்குத் தீராத ஆற்றாமை.

உங்கள் பிள்ளைகளுக்குப் பொருந்தாது என்றாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த உரிமை 6 முதல் 14 வயது வரைக்கானது. ஆனால் இடையில் நின்று, பின்னர் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கப்பட்ட பிள்ளைக்கு 14 முடிந்தாலும் 8-ஆம் வகுப்பு முடியும்வரை இலவசக் கல்வி தொடரும். ஆகவே 15 வயதில் 8-ஆம் வகுப்பில் இருக்கும் பையனை வயதை மட்டும் பார்த்து அனுப்பிவிடக் கூடாது. அவன் எப்படிச் சேர்க்கப்பட்டான் என்று பார்க்க வேண்டும். உங்கள் ஊரில் அப்படி ஒருவன் இருந்தால் அவன் வீட்டாரிடம் இதைச் சொல்லுங்கள்.

மேஸ்திரியிடம்தான் மிகுந்த எச்சரிக்கை தேவை. ‘பள்ளி இருக்கிறது’ என்றால் அதன் பெயரையும் தொலைவையும் கேளுங்கள். கொட்டகையில் ஒருவர் எழுத்துச் சொல்லிக்கொடுப்பது பள்ளியாகாது. பிள்ளைகளின் கையையும் கணக்கில் சேர்த்து முன்பணம் பேச விடாதீர்கள். 14 வயதுக்குட்பட்டவர்களை அங்கே வேலைக்கு வைப்பது குற்றம். வெற்றுத்தாளில் கைரேகை வைக்காதீர்கள். குடும்ப அட்டையையும் ஆதாரையும் பிணையாகக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். முன்பணத்தைக் காட்டி வெளியேற விடாமல் வைத்திருந்தால் அது 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கொத்தடிமை முறை, அந்தக் கடனும் செல்லாது. கோட்டாட்சியரிடம் புகார் செய்யலாம்.

அரசின் வறட்சி அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2016-இல் வடகிழக்குப் பருவமழை ஏறத்தாழ 62 விழுக்காடு குறைந்தும், தமிழ்நாட்டின் அன்றைய 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என அறிவிக்கப்பட்டது 2017 ஜனவரி 10 அன்றுதான். மேஸ்திரியின் முன்பணம் அரசாணைக்காகக் காத்திருப்பதில்லை.

சேர்க்கையில் சிக்கல் வந்தால் 14417-க்கும், பிள்ளைகளை வேலை வாங்கினால் 1098-க்கும் அழையுங்கள். ஊர் திரும்பும்போது, சூளையில் கணக்கு முடிக்கும் நாளுக்கு முன்பே அங்குள்ள பள்ளியில் சான்றிதழ் கேளுங்கள். கணக்கை இழுத்தடித்து ஜூன் கடந்துவிட்டாலும், கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 15-ன்படி ஊர்ப் பள்ளி உங்கள் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.