4 அடி சிக்லிட் தொட்டியில் இன்னும் மீன் சேர்க்கலாமா?

நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: 4 அடிக்கு 1.5 அடிக்கு 1.5 அடி தொட்டி, உள்ளே கலப்பாக 14 ஆப்பிரிக்க சிக்லிட் மீன்கள், ஒரு வருஷம் ஓடிவிட்டது, தொட்டி காலியாகத் தெரிகிறது, கறுப்பும் வெளிர்மஞ்சளுமாகக் கோடு போட்ட ஒன்று மற்றதையெல்லாம் துரத்துகிறது. "இன்னும் பத்து போடுங்க, சண்டை தானா அடங்கிடும்" என்கிறார் கடைக்காரர். போர் தண்ணீர் என்றும் சொல்லியிருக்கிறீர்கள், அதனால் சென்னைப் பக்கம் என்றே எடுத்துக்கொள்கிறேன். இதே பேச்சை என் வீட்டிலேயே மாதக்கணக்கில் கேட்டவள் நான். அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

சேர்க்கலாம். ஆனால் வடகிழக்குப் பருவமழை முடிகிறவரை ஒன்றுகூட வாங்காதீர்கள். எத்தனை மீன் என்பதைக் கரன்ட் போகிற இரவை வைத்து முடிவு செய்யுங்கள்.

அனுபவசாலிகள் உடனே வந்து மறுப்பார்கள் என்று தெரியும். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் வாழும் பாறைமீன்களான ம்புனா சிக்லிட்களை நெருக்கமாக வைத்தால்தான் ஒரே மீன் அடிவாங்கிச் சாகாது, அடி பலர்மேல் பரவிப்போகும் என்பார்கள். உண்மைதான், நான் அதை மறுக்கவில்லை. அந்த ஏரியில் பாறைக்குப் பாறை கூட்டமாக வாழ்கிற மீன்கள் அவை. ஆனால் இந்த அறிவுரை ஃபில்டர் ஒரு நிமிஷமும் நிற்காது என்ற நம்பிக்கையில் சொல்லப்படுவது. கரன்ட் போகாத ஊர்க்காரர் எழுதியதைப் படித்துவிட்டு நாம் மேடவாக்கத்திலும் அம்பத்தூரிலும் தொட்டியை நிரப்புகிறோம்.

எங்கள் தொட்டி என் மகனுடையது. அவன் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனதும் என் பொறுப்பில் வந்தது. உங்களுடையதே மாதிரி 4 அடி, கணக்குப் போட்டால் 255 லிட்டர், கல்லும் மணலும் போக 210 வரும். 13 மீன். எல்லாம் 'அசார்ட்டட் ஆப்பிரிக்கன்' என்று ஒன்றரை அங்குலக் குஞ்சாக வாங்கியவை. அந்த வயதில் எது எந்த இனம் என்று கடைக்காரருக்கே தெரியாது. நீலத்தில் கறுப்புப் பட்டையோடு அழகாக இருந்த ஒன்று வளர வளர மஞ்சளாக மாறியது. கென்யி என்ற ம்புனா இனத்தின் ஆண். பெண்ணும் குஞ்சும் நீலம், ஆண்தான் மஞ்சள். மஞ்சளான நாளிலிருந்து தொட்டியின் பாதி அதனுடையது, மிச்சப் பாதியில் 12 மீன்கள் தண்ணீர்மட்டத்தை ஒட்டி ஒதுங்கி நின்றன.

2023 தீபாவளிக்கு வந்த மகன் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டான்.

"அம்மா, இன்னொரு பன்னிரண்டு போட்டா சரியாயிடும்மா. கூட்டமா இருந்தாதான் அடிச்சுக்காது."

"சரிடா. கரன்ட் போனா?"

"இன்வெர்ட்டர் இருக்கேம்மா."

"ஃபேனுக்கும் லைட்டுக்குமே அது ராத்திரி தாண்டாது. பொங்கலுக்கு அப்புறம் பாத்துக்கலாம்."

அவனுக்குக் கோபம். நான் மசியவில்லை. சேர்ப்பதற்குப் பதில் எடுத்தேன். அந்தக் கென்யியைப் பிடித்துக் கொளத்தூரில் ஒரு கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன். தனித்தொட்டியில் வைத்துக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டார், நல்ல மனிதர். வீட்டுக்கு வந்து கற்களையெல்லாம் கலைத்து வேறு மாதிரி அடுக்கினேன். பழைய எல்லை எதற்கும் நினைவில் இல்லாதபடி. கொஞ்ச நாளில் ஒதுங்கி நின்ற மீன்கள் கீழே இறங்கி வந்தன. காலியாகத் தெரிந்த தொட்டி, மீன் குறைந்த பிறகுதான் நிறைந்து தெரிந்தது. உங்கள் தொட்டியிலும் இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். 14 மீனில் 13 ஒளிந்திருந்தால் காலியாகத்தான் தெரியும்.

அடுத்த மாதம் மிக்ஜாம் புயல் வந்தது. டிசம்பர் 3 இரவு பிடித்த மழை 4ஆம் தேதி முழுக்க விடவில்லை. எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், கரன்ட் போய்விட்டது. எப்போது வரும் என்று சொல்ல ஆளில்லை. நாங்கள் முதல் மாடி என்பதால் வீட்டுக்குள் தண்ணீர் இல்லை. இன்வெர்ட்டர் நான் சொன்னபடியே அன்றைக்கே ஓய்ந்தது.

புயல் அறிவிப்பு வந்ததுமே சில வேலைகளை முடித்து வைத்திருந்தேன். ஒரு நீல டிரம் நிறையத் தண்ணீர் பிடித்து வைத்தேன். மீனுக்குத் தீனியை நிறுத்தினேன். வளர்ந்த ம்புனா ஒரு வாரம் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது, போடுகிற தீனிதான் கழிவாகி, மீனுக்கு விஷமான அம்மோனியாவாகும். தொட்டிக்கு வெளியே இருக்கிற மூடிய கேனிஸ்டர் ஃபில்டரோடு, ஏர் பம்பில் ஓடுகிற சாதாரண ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றும் எப்போதும் தொட்டிக்குள் ஓடிக்கொண்டிருக்கும். கரன்ட் போனதும் அதன் ஏர் டியூபை எடுத்து யூஎஸ்பி ஏர் பம்பில் மாட்டிப் பவர் பேங்கில் ஓட விட்டேன். பவர் பேங்க் தீர்ந்தபோது மக்கால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா ஒரு பவர் பேங்க் கொண்டுவந்து கொடுத்தார். அம்மோனியா கிட்டின் நிறத்தை டார்ச் வெளிச்சத்தில் பார்த்து, ஏறுகிற மாதிரி தெரிந்ததும் டிரம் தண்ணீரில் கொஞ்சம் மாற்றினேன். மழைக்குளிரும் உதவியது. சூடான தண்ணீரைவிடக் குளிர்ந்த தண்ணீரில் ஆக்ஸிஜன் அதிகம் நிற்கும். இதே கரன்ட் கட் மே மாதத்தில் வந்திருந்தால் என் மக் போதாது.

12 மீனும் பிழைத்தன. மகனுடைய நண்பன் ஒருவன் வீட்டில் இதே அளவுத் தொட்டி, முப்பதுக்கு மேல் மீன், பெரிய ஃபில்டர். கரன்ட் இருந்தவரை என்னுடையதைவிட அழகான தொட்டி அது. பெரும்பாலானவை போய்விட்டன. அந்தப் பையனைக் குறை சொல்லவில்லை, அவன் கேட்ட எல்லோருமே அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 25 டிகிரியில் பிஎச் (தண்ணீரின் அமில-காரத் தன்மை) 7 இருந்தால் மொத்த அம்மோனியாவில் விஷமாகிற பங்கு நூற்றில் அரைதான். பிஎச் 8-இல் அது 5-க்கு மேல், ஏறக்குறைய பத்து மடங்கு. மலாவி மீனுக்கு 8-ஐ ஒட்டிய தண்ணீர்தான் வேண்டும், நம் போர் தண்ணீரும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். எனவே ஃபில்டர் நின்றால் பிஎச் குறைந்த தண்ணீரில் டெட்ரா மீன் வளர்ப்பவரைவிட நமக்கு நேரம் குறைவு. இன்னொன்று: கேனிஸ்டர் பல மணி நேரம் நின்றுவிட்டால், கரன்ட் வந்ததும் அப்படியே ஓட விடாதீர்கள். உள்ளே காற்றில்லாமல் அழுகிய தண்ணீர் மொத்தமும் தொட்டிக்குள் கொட்டும். திறந்து, தொட்டித் தண்ணீரிலேயே அலசி, அப்புறம் போடுங்கள்.

புயலுக்குப் பிறகு தொட்டிக்கென்று தனி பேட்டரி போடலாம் என்று கடைக்குப் போனேன். எத்தனை வாட், எத்தனை மணி நேரம் என்று எழுதிக்கொண்டு போயிருந்தேன். அவர் அந்தக் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. "சார் எப்ப வருவார் மேடம்? சார்கிட்ட பேசிக்கிறேன்" என்றார். மீன் கடைகளிலும் இதேதான். மகனோடு போனால் பதில் அவனைப் பார்த்து வரும், கேள்வி கேட்டது நானாக இருந்தாலும். என் கணவர் அந்தத் தொட்டிப் பக்கம் போனதே இல்லை, மோட்டார் பழுதானாலும் பிளம்பரிடம் பேசுவது நான்தான். வீட்டை நடத்துகிற பெண்கள் எத்தனை பேருக்கு இது தினமும் நடக்கிறது! காசு கொடுப்பவர் யார், கேட்பவர் யார் என்று கொஞ்சம் பார்க்கக் கூடாதா? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பேட்டரியை வேறு கடையில் வாங்கினேன்.

பொங்கலுக்கு அப்புறம் நானே 6 எல்லோ லேப் வாங்கினேன். ம்புனாவில் சாதுவான இனம். ஒன்றிரண்டாக விட்டால் பழைய மீன்கள் குதறிவிடும் என்பதால் ஆறும் ஒரே நாளில், ஒரே அளவில். அதற்கு முன் தனித்தொட்டியில் ஒரு மாதம் வைத்து நோயில்லை என்று பார்த்துக்கொண்டேன். விடுகிற அன்று கற்களை மறுபடி கலைத்து, விளக்கை அணைத்து வைத்தேன். ஃபில்டரில் அம்மோனியாவைத் தின்கிற பாக்டீரியா புதுச் சுமைக்குப் பெருக வேண்டும், அதுவரை தீனியைக் குறைத்தேன். மகன் கேட்ட 12 இல்லை, 6. தனி பேட்டரியில் ஸ்பாஞ்ச் ஃபில்டர் தாங்கும் என்று நான் நம்புகிற எண்ணிக்கை அது. ஒரு பெண் மீன் வாயில் முட்டையோடு மூன்று வாரம் சாப்பிடாமல் சுற்றியபோது மகனுக்கு வீடியோ அனுப்பினேன். "சூப்பர்மா" என்றான், அவ்வளவுதான், ஆனாலும் எனக்குப் பெருமையாக இருந்தது.

இப்போது உங்கள் தொட்டி. அந்தக் கோடு போட்டது ஆரட்டஸ் ஆண் என்றே நினைக்கிறேன், மூர்க்கமான ம்புனா இனம் அது, படம் போட்டால் உறுதியாகச் சொல்லலாம். ஆரட்டஸ் என்றால் பத்தென்ன, இருபது போட்டாலும் அது அடங்காது. முதலில் அதை எடுங்கள். கடைக்காரர் வாங்க மறுத்தால் வேறு கடை பாருங்கள், ஏரியிலோ குளத்திலோ மட்டும் விட்டுவிடாதீர்கள். அப்புறம் ஒரு வாரம் தண்ணீர் மாற்றாமல் நைட்ரேட் (அம்மோனியா ஃபில்டரில் மாறிக் கடைசியில் சேருகிற பொருள்) அளந்து பாருங்கள். 40 பிபிஎம் தாண்டினால் இப்போது இருக்கிற மீனுக்கே உங்கள் பராமரிப்பு போதவில்லை என்று அர்த்தம். போர் தண்ணீரையும் தனியாக அளக்க வேண்டும், சில இடங்களில் நைட்ரேட் அதிலேயே இருக்கும். கடைசியாக, ஒரு விடுமுறை நாளில் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது கேனிஸ்டரை நாலு மணி நேரம் நிறுத்தி, பேட்டரி ஏர் பம்பில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் உடனே போட்டுவிடுங்கள், புதிதாக எதையும் வாங்க வேண்டாம். இயல்பாகச் சுற்றினால் ஜனவரியில் ஐந்தாறு எல்லோ லேப் வாங்கலாம்.